‘கரண்ட்’ எல்லாம் ஒரே கரண்ட் அல்ல

எனக்கு வேலை ரயில்வே முன்பதிவு கவுண்ட்டரில். நாகர்கோவில் எக்ஸ்பிரசுக்கும் சென்னை மெயிலுக்கும் டிக்கெட் கேட்டு வருகிற நம்மவர்களில் வாரத்துக்கு நாலைந்து பேராவது ஒரு தனிப் படிவத்தை ஜன்னலுக்குள் நீட்டுவார்கள். அது புற்றுநோயாளிகளுக்கான கட்டணச் சலுகைப் படிவம். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி. துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி. 2020-ல் கொரோனா வந்தபோது மூத்த குடிமக்கள் சலுகை உள்பட எத்தனையோ சலுகைகளை நிறுத்தினார்கள். இதில் கை வைக்கவில்லை. அந்த வரைக்கும் புண்ணியம்.

அந்தப் படிவத்தோடு ஒரு நாள் வந்தவர் தாராவியில் இட்லி வியாபாரம் செய்பவர். இரவு இரண்டு மணிக்கு அடுப்பு மூட்டி, விடிவதற்குள் அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு புறப்படுகிற கூட்டத்தில் ஒருவர். திருநெல்வேலிப் பக்கம். பல வருடப் பழக்கம். நான் அவரை அண்ணாச்சி என்பேன்; அவர் என்னைத் தம்பி என்பார். “தம்பி, மதினிக்கும் எனக்கும் ஊருக்கு ரெண்டு டிக்கெட் போடுங்க” என்றார். படிவத்தைப் பார்த்தேன். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்று எழுதியிருந்தது. “வைத்தியம் முடிஞ்சுதா அண்ணாச்சி?” என்று கேட்டேன். “முடிச்சுக்கிட்டோம்” என்றார். முடிந்தது என்று அவர் சொல்லவில்லை. அந்தச் சொல் எனக்கு உறுத்தியது. கூட்டம் குறைந்ததும் வெளியே போய் ஒரு டீ வாங்கிக் கொடுத்து விஷயத்தைக் கேட்டேன்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அந்த அம்மாளுக்கு 25 நாள் கதிர்வீச்சு, வாரம் ஒரு ஊசி, கடைசியில் உள்ளே வைக்கிற கதிர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். 14 நாள் ஒழுங்காகப் போயிருக்கிறார்கள். வயிற்றுப்போக்கு, எரிச்சல், சோர்வு எல்லாம் வந்திருக்கின்றன. அந்த நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் ஒருவர் ஒரு துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்திருக்கிறார். ரேடியோ அலையால் கட்டியைச் சூடுபடுத்திக் கரைக்கிறார்களாம், வலி இல்லையாம், முடி கொட்டாதாம், பக்கவிளைவே கிடையாதாம். புறநகரில் இடம். அண்ணாச்சி போய்க் கேட்டிருக்கிறார். “அங்கே வைக்கிறதும் கரண்ட், இங்கே வைக்கிறதும் கரண்ட்தான். இது சூடு மட்டும் கொடுக்கிற நல்ல கரண்ட்” என்று இந்தியும் அரைகுறைத் தமிழுமாக ஒருவர் விளக்கியிருக்கிறார். எட்டு தடவைக்கு 64,000 ரூபாய். வட்டிக்கு வாங்கிக் கட்டியிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்தியாகிவிட்டது. ஆறாவது வாரம் மறுபடி ரத்தப்போக்கு தொடங்கியது. பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பிப் போனால், கட்டி முன்னைவிடப் பெரிதாகி விட்டது, இனி வலிக்குத்தான் மருந்து என்றார்களாம்.

அன்று முதல் இந்த ‘கரண்ட்’ விஷயத்தைத் தேடித் தேடிப் படித்து வருகிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவன். டாக்டர்களிடம் கேட்டும், பகுதி நேர நிருபர் என்ற உரிமையில் சிலரைத் தொந்தரவு செய்தும் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூடு கொடுக்கும் வைத்தியம் பொய் அல்ல. அண்ணாச்சிக்கு விற்கப்பட்ட விதம்தான் பொய்.

நம் ஜனங்கள் கதிர்வீச்சு சிகிச்சையைக் ‘கரண்ட் வைப்பது’ என்கிறார்கள். இடுப்பு வலிக்கு பிசியோதெரபியில் வைப்பதும் கரண்ட். மனநோய்க்குக் கொடுப்பதும் கரண்ட். ஒரே சொல்லுக்குள் மூன்று நான்கு சமாச்சாரங்கள் புகுந்துகொண்டன. கதிர்வீச்சு என்பது அதிக சக்தியுள்ள எக்ஸ்ரே வகைக் கதிர். அது நோய் அணுவுக்குள் இருக்கும் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. ரேடியோ அலைக்கு அந்தச் சக்தி கிடையாது. நம் வீட்டுப் பெரியவர்கள் இலங்கை வானொலி கேட்ட சிற்றலை வரிசையைச் சேர்ந்த அலைதான் இதற்கும் பெரும்பாலும் பயன்படுகிறது. ஜப்பானில் உள்ள பிரபலமான இயந்திரம் 8 மெகாஹெர்ட்ஸ். வேறு சில 13.56 மெகாஹெர்ட்ஸ். உடம்பின் முன்னும் பின்னும் இரண்டு தகடுகள், தோல் வெந்துவிடாமல் இருக்க நடுவில் குளிர்ந்த நீர்ப்பைகள். அலை உள்ளே பாயும்போது திசுக்களில் கரைந்திருக்கும் உப்பின் அணுக்கள் முன்னும் பின்னும் ஆடி, உராய்ந்து, சூடு பிறக்கிறது. கட்டியை 40 முதல் 43 டிகிரி வரைக்கும் கொண்டுபோய், சுமார் ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும்.

“அக்கினி நட்சத்திரத்தில் வேலூரில் 43 டிகிரி அடிக்கிறதே, அங்கே போய் உட்கார்ந்தால் போதாதா?” என்று எங்கள் ஆபீசில் ஒருவர் கேட்டார். கேலிக்குத்தான் கேட்டார், ஆனால் நல்ல கேள்வி. வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் வியர்வையைக் கொட்டியும், ரத்தத்தை ஓடவிட்டும் உடம்பு தன்னை 37-லேயே வைத்துக்கொள்கிறது. கட்டிக்குள் ஓடும் ரத்தக் குழாய்கள் ஒழுங்கற்றவை, சந்தும் பொந்துமாக வளர்ந்தவை. உள்ளே புகுந்த சூட்டை வெளியேற்றும் சாமர்த்தியம் அவற்றுக்குக் குறைவு. அந்த இடத்துக்கு மட்டும் சூட்டைக் கொண்டுபோக அலை தேவைப்படுகிறது.

சரி, சூட்டால் என்ன லாபம்? கதிர் அறுத்த இழையை நோய் அணு சில மணி நேரத்தில் தைத்துக்கொள்ளப் பார்க்கும். சூடு அந்தத் தையலைக் கெடுக்கிறது. இன்னொன்று, கட்டியின் நடுப்பகுதியில் பிராணவாயு குறைவு. பிராணவாயு இல்லாத அணுக்களைக் கதிர் சுலபமாகக் கொல்லாது. மிதமான சூடு ரத்த ஓட்டத்தைக் கூட்டிப் பிராணவாயுவைக் கொண்டுவருகிறது. அந்தப் பட்டினி அணுக்களுக்குச் சூட்டையும் தாங்க முடிவதில்லை. சில மருந்துகளும் சூட்டில் கூடுதலாக வேலை செய்கின்றன. ஒரு தடவை சூடு பட்ட அணு இரண்டு மூன்று நாளுக்குச் சூட்டைத் தாங்கப் பழகிவிடும். அதனால்தான் தினமும் கொடுப்பதில்லை. வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைதான்.

இதெல்லாம் நேற்று முளைத்ததும் அல்ல. முகத்தில் கட்டி வந்த ஒரு நோயாளிக்குக் கடுமையான தோல் காய்ச்சல் கண்டபின் கட்டி மறைந்ததாக புஷ் என்ற ஜெர்மன் டாக்டர் 1866-லேயே எழுதி வைத்திருக்கிறார்.

நம் ரயிலை வைத்தே சொல்கிறேன். மும்பையிலிருந்து புனே வழியாக ஊருக்குப் போகிறவர்கள் கர்ஜத் ஸ்டேஷனில் கவனித்திருக்கலாம். அங்கே வண்டிக்குப் பின்னால் கூடுதல் எஞ்சின்கள் வந்து இணையும். ‘பேங்கர்’ என்போம். போர் கட் மலை ஏற்றத்தில் லோனாவாலா வரைக்கும் அவை பின்னால் இருந்து தள்ளிக் கொடுக்கும். முன் எஞ்சினை கர்ஜத்திலேயே கழற்றி விட்டு, பேங்கரை மட்டும் நம்பிச் சென்னைக்குப் புறப்படுகிறவர் யாராவது உண்டா? அண்ணாச்சியைச் செய்ய வைத்தது அதைத்தான். கதிர்வீச்சும் ஊசியும்தான் முன் எஞ்சின். அதைக் கழற்றி விட்டார்கள். கருப்பை வாய்ப் புற்றுக்குக் கதிர்வீச்சு எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்று டாக்டர்கள் கண்டிப்பார்கள். இடையில் விட்டால் அணு மறுபடி பெருகும். ஆறு வாரம் விட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதத் தேவையில்லை.

இனி, தள்ளுகிற எஞ்சின் நிஜமாகவே தள்ளுகிறதா என்று பார்ப்போம். இதில் இரு பக்கமும் சொல்வதுதான் நியாயம்.

நெதர்லாந்து நாட்டில் 1990 முதல் 1996 வரை 358 நோயாளிகளை வைத்து ஒரு பரிசோதனை நடந்தது. பாதிப் பேருக்குக் கதிர்வீச்சு மட்டும். மீதிப் பேருக்குக் கதிர்வீச்சோடு சூடு. அவர்களில் 114 பேர் கருப்பை வாய்ப் புற்று உள்ள பெண்கள். மூன்று வருடம் கழித்துக் கணக்குப் பார்த்தபோது, கதிர் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேர் உயிரோடு இருந்தார்கள். சூடும் சேர்ந்தவர்களில் 51 பேர். 12 வருடம் கழித்துப் பார்த்தபோதும் 20-க்கு 37 என்று வித்தியாசம் நின்றது. மூத்திரப்பை, மலக்குடல் புற்றுகளில் இப்படி நிலைத்த லாபம் தெரியவில்லை.

இதைக் கேட்டதும் துள்ளிக் குதிக்கத் தோன்றும். ஆனால் 1999-ல் வேறொன்று நடந்தது. கதிர்வீச்சோடு சிஸ்பிளாட்டின் என்ற ஊசியையும் சேர்த்துக் கொடுத்தால் நல்லது என்று பல பரிசோதனைகள் காட்டின. அந்த ஊசி விலை மலிவு; தனி இயந்திரம் வேண்டாம். உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. நம் பரேல் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியே 2003 முதல் 2011 வரை 850 பெண்களைச் சேர்த்து, முற்றிய நிலையிலும் அந்த ஊசியால் ஐந்து வருட உயிர்க் கணக்கு 46-லிருந்து 54 ஆக உயர்கிறது என்று 2018-ல் வெளியிட்டது. இனிமேல் கேட்க வேண்டிய கேள்வி, கதிரும் ஊசியும் சேர்ந்த பிறகு சூடு மேலும் ஏதாவது தருகிறதா என்பதுதான். ஜப்பானில் 101 பெண்களை வைத்து 2016-ல் வெளியான பரிசோதனையில் சூடு சேர்ந்தவர்கள் பக்கம் கணக்கு கொஞ்சம் மேலாக இருந்தது. ஆனால் உயிர்க் கணக்கில் அடித்துச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் தேறவில்லை. சர்வதேச அணுசக்தி முகமை பல நாடுகளில் 110 பேரை வைத்து நடத்தி 2005-ல் வெளியிட்டதில் லாபமே தெரியவில்லை. அந்த இடங்களில் கட்டி சரியாகச் சூடானதா என்பதே சந்தேகம் என்று நெதர்லாந்துக்காரர்கள் வாதாடினார்கள்.

அந்த வாதத்தில் ஒரு உண்மை இருக்கிறது. கதிரை அளந்து கொடுக்கலாம். சூட்டை அப்படி அளக்க முடிவதில்லை. கொழுப்பு அதிகமுள்ள உடம்பில் சூடு கொழுப்பிலேயே தங்கிக் கட்டியை எட்டாது. கட்டிக்குள்ளோ பக்கத்திலோ மெல்லிய வெப்பக் கம்பியை வைத்து எத்தனை டிகிரி வந்தது என்று பார்க்கவேண்டும். பார்க்காமல் கொடுக்கிற சூடு, மீட்டர் இல்லாத ஆட்டோ மாதிரி. எங்கே கொண்டுபோய் விட்டார்கள், எவ்வளவு தூரம் ஓடியது, யாருக்கும் தெரியாது. அண்ணாச்சியிடம் கேட்டேன்: “மதினி உடம்புக்குள்ளே ஏதாவது கம்பி வச்சுச் சூடு பார்த்தாங்களா?” இல்லை என்றார். ஒரு பெல்ட்டைச் சுற்றி, மேலே விளக்கு எரிந்ததாம்.

நம் நகரத்திலேயே நடந்த ஒரு வேலையையும் குறிப்பிட வேண்டும். விலே பார்லே நானாவதி ஆஸ்பத்திரியைச் சேர்ந்த டாக்டர் நாகராஜ் ஹுயில்கோலும் அவரது சகாக்களும், தலை கழுத்துப் புற்று முற்றிய ஐம்பத்துச் சொச்சம் பேரை வைத்துச் செய்த பரிசோதனையை 2010-ல் வெளியிட்டார்கள். கதிர் மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்குக் கட்டி முழுதும் மறைந்தது. சூடும் சேர்ந்தவர்களில் 78 பேருக்கு மறைந்தது. உயிர் நீடித்தது மாதக் கணக்கில்தான். சிறிய பரிசோதனை, ஆனாலும் புகையிலையும் குட்காவும் மென்று வாய்ப்புற்று வாங்குகிற நம் ஊரில் நடந்தது. அதன் பிறகு இதைவிடப் பெரிதாக ஒன்றை ஏன் சர்க்கார் எடுத்துச் செய்யக்கூடாது?

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் சர்க்கார் ஆஸ்பத்திரியில் செய்தார்களே. கருப்பை வாய்ப் புற்று முற்றிய 210 ஏழைப் பெண்கள், எச்.ஐ.வி. தொற்று உள்ளவர்களும் சேர்த்து. கதிர், ஊசி இரண்டையும் நிறுத்தாமல் சூட்டைக் கூட்டினார்கள். நோய் அந்த இடத்தில் அடங்கி, ஆறு மாதம் கழித்தும் உயிரோடு இருந்தவர்கள் சூடு சேர்ந்த பக்கம் ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று 2019-ல் எழுதினார்கள். தசைப் புற்றிலும் சாட்சி இருக்கிறது. பெரும்பாலும் ஐரோப்பாவில் 341 பேரை வைத்துச் செய்ததில், ஊசி மருந்தோடு சூடு சேர்ந்தவர்களில் பத்து வருடம் கழித்து 52 சதவீதத்துக்கு மேல் உயிரோடு இருந்தார்கள். சேராதவர்களில் 42 சதவீதத்துக்குச் சற்று மேல். ஜப்பான் சர்க்காரின் சுகாதாரக் காப்பீடு 1990 முதல் இந்தச் சிகிச்சைக்குப் பணம் கொடுக்கிறது.

என் அபிப்பிராயம் இதுதான். இந்தியாவில் புற்றுநோய்க்கென்று இருக்கும் பெரிய சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் இரண்டு மூன்றிலாவது ஒழுங்கான இயந்திரம் வைத்து, அளந்து பார்க்கத் தெரிந்த ஆட்களை வைத்து, இலவசமாக, முறையான பரிசோதனையாக நடத்தவேண்டும். ஒரு இயந்திரத்தில் ஒரு நாளைக்கு ஐந்தாறு பேருக்குத்தான் கொடுக்கமுடியும் என்பது உண்மை. கதிர் இயந்திரமோ பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஒருவரை அனுப்பிவிடும். வாசலில் வரிசை நிற்கும்போது ஒருவருக்கு ஒன்றரை மணி நேரம் எப்படி ஒதுக்குவது என்று கேட்பார்கள். கேட்கட்டும். நல்ல ஆஸ்பத்திரி செய்யாமல் விட்ட இடத்தில்தான் பெல்ட் சுற்றுகிறவன் கடை போடுகிறான். மருந்து முழுதும் பொய்யாக இருந்தால் மக்கள் சீக்கிரம் தெரிந்துகொள்வார்கள். பாதி உண்மையாக இருப்பதால்தான் இது விலை போகிறது. அந்தத் துண்டுப் பிரசுரத்தை நான் பார்த்தேன். நெதர்லாந்துக் கணக்கு அதில் அச்சாகியிருக்கிறது. கதிர்வீச்சோடு சேர்த்து என்ற ஒரு வார்த்தை மட்டும் இல்லை.

சட்டம் இல்லாமலும் இல்லை. புற்றுநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதே குற்றம் என்று 1954-லேயே சட்டம் போட்டாயிற்று. ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் என்று பெயர். எழுபது வருடமாகிறது. ஆஸ்பத்திரி வாசலில் துண்டுப் பிரசுரம் கொடுப்பவனைப் பிடிக்க இதைவிட என்ன வேண்டும்? கதிர்வீச்சு இயந்திரம் வைக்க அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் லைசென்ஸ் வேண்டும். ரேடியோ அலை அந்த வகைக் கதிர் அல்ல என்பதால் அந்த வாரியம் இதைப் பார்ப்பதில்லை. எனவே, சுவரில் லைசென்ஸ் தொங்குகிறது என்று யாராவது காட்டினால், அது எதற்குக் கொடுத்த லைசென்ஸ் என்று படித்துப் பாருங்கள்.

பெரிய ஆஸ்பத்திரியின் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. பதினான்கு நாள் போய்வந்த ஒரு பெண்ணுக்கு, வயிற்றுப்போக்கு வரும், மாத்திரை இருக்கிறது, பயந்து நிறுத்தினால் ஆபத்து என்று அவள் பாஷையில் யாரும் சொல்லவில்லை. கையில் கொடுத்த தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும் மராத்தியிலும் இருந்தது. மாதுங்கா, தாராவி, சயான், செம்பூர் என்று இத்தனை தமிழர்கள் இருக்கிறார்கள். இத்தனை சங்கங்கள் இருக்கின்றன. பொங்கலுக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்துகிறோம். வாரத்துக்கு இரண்டு நாள் ஒரு ஆளை ஆஸ்பத்திரி வாசலில் உட்காரவைத்துத் தாளைப் படித்துச் சொல்ல நம்மால் முடியாதா? சங்கத்துக்காரர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, எழுதிவிட்டேன்.

இன்னும் இரண்டு விஷயம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இடுப்பு வலிக்கு வைக்கும் சிற்றலை வெப்ப இயந்திரத்தைக் கட்டி இருக்கும் இடத்தில் வைக்கவே கூடாது என்பது பிசியோதெரபிக்காரர்களின் விதி. வீட்டில் வாடகைக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும், அந்த இடத்தில் இரும்புத் தகடு பொருத்தியவர்களுக்கும் இந்தச் சூடு ஆகாது. சரியான இடத்தில் கொடுத்தாலும் தோலில் கொப்புளம், கொழுப்பு வெந்து கட்டிப்போவது இவை உண்டு. பக்கவிளைவே இல்லை என்று சொன்ன இடத்திலேயே எழுந்து வந்துவிடலாம்.

இரண்டாவது, ஈரலில் உள்ள சிறு கட்டிக்குள் ஊசியைச் செருகி ரேடியோ அலையால் சுட்டுப் பொசுக்கும் சிகிச்சை ஒன்று உண்டு. அது 60 டிகிரிக்கு மேல் போகிறது. அது வேறு, இது வேறு. அது பல ஆஸ்பத்திரிகளில் நடக்கிறது. அந்தப் பெயரைச் சொல்லி இதை விற்பவர்களும் இருக்கிறார்கள்.

சூடு கொடுக்கிறோம் என்று யாராவது வந்தால், உங்கள் கதிர்வீச்சு டாக்டரிடம் போய், “இதைச் சேர்த்துச் செய்யலாமா?” என்று கேளுங்கள். அந்த இடத்தில், கட்டிக்குள் எத்தனை டிகிரி வந்தது என்று எழுதிக் கொடுப்பீர்களா என்று கேளுங்கள். கதிரை நிறுத்தச் சொன்னால் காசைக் கொடுக்காதீர்கள்.

அண்ணாச்சியின் வீட்டம்மாள் தை மாதத்தில் ஊரில் காலமானார். காரியம் முடிந்து அவர் தனியாகத் திரும்பி வந்திருக்கிறார். கடனுக்கு இன்னும் வட்டி கட்டுகிறார். இட்லி அண்டாவோடு காலையில் பார்க்கிறேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இந்தக் கட்டுரையை எழுதட்டுமா என்று கேட்டபோது, “எழுதுங்க தம்பி, நம்ம ஆளுங்க யாராவது படிக்கட்டும்” என்றார். ஊர், பேர் வேண்டாம் என்பது மட்டும் அவர் விருப்பம்.

சலுகைப் படிவத்தில் ஆஸ்பத்திரிப் பொறுப்பு டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் இருக்கவேண்டும். பரிசோதனைக்குப் போய்வருவதற்கும் அது செல்லும். மூலச் சான்றிதழைப் பயணத்தின்போது கையில் வைத்திருக்கவேண்டும், டிக்கெட் பரிசோதகர் கேட்பார். படிவத்தில் சந்தேகம் இருந்தாலும், ஆஸ்பத்திரித் தாளைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டியிருந்தாலும், கவுண்ட்டரில் தமிழ் தெரிந்தவர் யார் என்று விசாரித்து வாருங்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டம் குறைவாக இருக்கும்.